நீலக் கேசட்டில் நீ விட்ட இடம்

எப்போதும் முதலில் தொடங்குகிற என் வனஜாக்காவுக்கு,

இந்த ஒரு தடவை நான் முந்திக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ போய் ஒன்பது வருஷம் ஆகிறது. உனக்கு ஒரு வரி எழுதக்கூட இத்தனை நாள் எனக்குத் தைரியம் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் இதை முடிக்கும்போது தெரிந்துவிடும்.

முதலில் நல்ல சேதி. உன் பெண், நம் பிரியாவுக்குக் கல்யாணம். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் வீட்டுக்காரர், மாமாவும் அவளும் பத்திரிகையோடு மல்லேஸ்வரத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றிய விதத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்துவிட்டேன். அதே மாதிரி ஒரு காலால் இன்னொரு செருப்பை மிதித்துக் கழற்றுகிறாள். என்னை இப்போதும் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள்.

காபி குடித்துக்கொண்டே கேட்டாள்: "சித்தி, அம்மா குரல் இருக்கற கேசட் ஒண்ணாவது உங்ககிட்ட இருக்குமா? ரிசப்ஷன்ல ஒரு நிமிஷம் போடணும். எனக்கு அம்மா முகம் ஞாபகம் இருக்கு. குரல்தான் மறந்துபோச்சு."

"தேடிப் பாக்கறேன்மா" என்றேன். தேட என்ன இருக்கிறது? பீரோவில், என் கல்யாணப் புடவைக்கு அடியில், ஒன்பது வருஷமாக அது ஒரே இடத்தில் கிடக்கிறது. நான்தான் அந்தப் பக்கம் கையை விடுவதில்லை.

இந்தக் கடிதத்தை வேறு நாலு பேரும் படிப்பார்கள் அக்கா. அதனால் நாம் யார் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். பாபு மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் நீயும் நானும் கோரஸ். முன்னால் நின்று வார்த்தை பாடுகிறவர்களுக்குப் பட்டுப்புடவை, ஆளுக்கொரு மைக். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நமக்கு ஒரே மைக். ஆ, ஓ, ம்ம் என்று ஹம்மிங் கொடுத்தால் நம் வேலை முடிந்தது. "நம்ம பொழப்பு பூராவும் வாயை மூடிக்கிட்டே ஓடுதுடி"ன்னு நீ கிண்டல் பண்ணுவாய். பகலில் நீ பீன்யாவில் மோட்டாருக்குக் காயில் சுற்றினாய். நான் பொம்மனஹள்ளியில் சட்டைக்குக் காலர் தைத்தேன்.

அப்புறம் தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தகராறு வந்தது. எங்கள் கார்மென்ட்ஸ் சில நாள் மூடிக்கிடந்தது. திறந்த பிறகும் பஸ்ஸில் நாங்கள் தமிழில் வாயைத் திறக்கவில்லை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் கையால் ஜாடை காட்டிக்கொண்டோம். பாபு மாஸ்டர் குழுவின் தமிழ் போர்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். முன்வரிசைப் பாடகர்கள் சேலம், ஈரோடு என்று கிளம்பிப் போய்விட்டார்கள்.

அதற்கு இரண்டு மாசம் கழித்து மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். தமிழ்க் குடும்பம். போகலாமா வேண்டாமா என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன், நீதான் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாய். பெண்ணின் அப்பா மேடைக்குப் பின்னால் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"தமிழ்ப் பாட்டு மட்டும் வேணாம்மா. வெளியில கேட்டா வம்பு. தப்பா எடுத்துக்காதீங்க."

நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சார், நாங்க வார்த்தையே இல்லாம பாடறோம். அது எந்த பாஷைன்னு யாரு வந்து கேக்கப் போறாங்க?"

அவர் உன்னையே பார்த்தார். அப்புறம் சரி என்று தலையை ஆட்டினார். நம் பேரை அறிவிக்க மைக்கை எடுத்த பாபு மாஸ்டர், என் நிஜப் பேரான ரெஜினாவைச் சொல்ல யோசித்து, வாய்க்கு வந்தபடி "வனஜா–கிரிஜா சகோதரியரு" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டார். நீ மைக்கிலேயே களுக்கென்று சிரித்தாய். மண்டபம் முழுவதும் கேட்டது. அன்றிலிருந்து நான் உனக்குக் கிரிஜா.

அன்று நாம் பாடியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எல்லோருக்கும் தெரிந்த பழைய தாலாட்டு மெட்டு ஒன்றை நீ கீழ்க்குரலில் எடுத்தாய், நான் மேலே சேர்ந்துகொண்டேன். பாதியில் நிமிர்ந்து பார்க்கிறேன், நாற்காலியில் இருக்கிறவர்கள் அத்தனை பேரின் உதடும் அசைகிறது. சத்தமே இல்லை. வார்த்தைகளை அவர்கள் வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது. இருநூறு பேர் சத்தமில்லாமல் பாடுவதை நீ அதற்கு முன்னால் எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? உன் கை என் முழங்கையைப் பிடித்தது, பாட்டு முடிகிறவரை விடவில்லை.

குழு திரும்ப நிமிர்கிறவரைக்கும் சும்மா இதைச் செய்வோம் என்றுதான் தொடங்கினோம். குழுவும் ஒரு வருஷத்தில் நிமிர்ந்தது, போர்டு திரும்ப வெளியே வந்தது. ஆனால் அதற்குள் நம்மை மட்டும் தனியாகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். காது குத்துக்கு, வளைகாப்புக்கு. கன்னடக்காரர் வீட்டிலும் கூப்பிட்டார்கள். வார்த்தை இல்லாததால் யாருக்கும் தகராறு இல்லை.

ஒத்திகைக்குத்தான் நேரமே கிடைக்கவில்லை. உனக்கு ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும், எனக்கு ஆறு மணிக்கு. இரண்டு பேரும் மெஜஸ்டிக்கில்தான் பஸ் மாறவேண்டும், ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அப்போது நீ கண்டுபிடித்ததுதான் அந்த நீலக் கேசட். வீட்டு டேப்ரிக்கார்டரில் முதலில் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணுவாய். உன் வரியைப் பாடுவாய். அப்புறம் என் வரிக்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு, மேஜையில் விரல் முட்டியால் தாளம் தட்டிக்கொண்டு, டேப்பை ஓடவிடுவாய். பிறகு உன் அடுத்த வரி.

அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மெஜஸ்டிக்கில் பூக்கார ஜயம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவாய். சாயங்காலம் நான் போனால் மல்லிகைக் கூடைக்குள்ளிருந்து எடுத்து நீட்டுவாள். "நிம்ம அக்கா கொட்டு ஹோதரு" என்பாள், உங்கள் அக்கா கொடுத்துவிட்டுப் போனாள் என்று. அவளும் நாம் கூடப்பிறந்தவர்கள் என்றுதான் நினைத்தாள். நான் வீட்டில் உட்கார்ந்து, நீ விட்ட இடத்தில் சரியாக ரிக்கார்ட் பட்டனை அமுக்கி என் வரியைப் பாடி, சரியாக நிறுத்த வேண்டும். ஒரு வினாடி தாண்டினால் உன் அடுத்த வரியின் தலை போய்விடும். எத்தனை தடவை அழித்திருக்கிறேன்!

"ஏண்டி கிரிஜா, என் வாயையே முழுங்கிட்டியே"ன்னு மறுநாள் கேசட்டில் திட்டு வரும். "எண்ணிப் பாடுடின்னா எங்கே பராக்கு பாக்கறே?"

ஒரு ஒத்திகை முடிந்ததும் அதன் மேலேயே அடுத்தது. கேசட் தேய்ந்தால் தூக்கி எறிந்துவிட்டு இன்னொரு நீலக் கேசட். எதையும் எடுத்து வைக்கவேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. உன் குரலைப் பத்திரமாக வைக்கவேண்டும் என்று அப்போது யார் நினைத்தார்கள்? நீதான் இருந்தாயே.

ஒரு வளைகாப்பு வீட்டில் ஒருத்தர் கேட்டார், "நீங்க முழுநேரமும் இதுதானா?" நான் பட்டென்று, "இல்ல சார், இது சும்மா சைடுல" என்றேன். நீ பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாய். கன்டோன்மென்ட் ஸ்டாப் வந்து இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாய். "சைடுலயா? எனக்குக் காயில் சுத்தறதுதான்டி சைடு." நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும், மரமண்டை.

அப்புறம் அந்த பக்திப் பாட்டுக் கேசட்காரர்கள் வந்தார்கள். இரண்டு பேரையும் பாடச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு குரல் போதும் என்றார்கள், என் குரல். கன்னட வார்த்தைகள், என் பேர் அட்டையில். கோரஸ்காரிக்கு முதல்முறையாக வார்த்தை கிடைக்கிறது அக்கா. எனக்கு ஆசை இல்லாமலா இருக்கும்? சரி என்றுவிட்டேன். அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துப்பில்லை. அந்த வார ஒத்திகைக் கேசட்டில், நீ என் வரிக்காக விட்டிருந்த இடத்தில், பாடுவதற்குப் பதிலாகப் பேசினேன். "அக்கா, அவங்களுக்கு ஒரு குரல் போதுமாம். நான் ஒத்துக்கிட்டேன். நம்மளது கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும். நீ தப்பா எடுத்துக்காதே." அதை ஜயம்மாவின் கூடையில் போட்டுவிட்டு, திருடி மாதிரி ஓடி பஸ்ஸில் ஏறினேன்.

இரண்டு மாசம் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை ஜயம்மா அந்தக் கேசட்டை நீட்டினாள். அதே நீல அட்டை, அதே பை. எனக்குச் சுருக்கென்றது. எடுத்துக்கொள் உன் கேசட்டை என்று முகத்தில் எறிந்துவிட்டாய் என்று நினைத்தேன். அதைக் கேட்டால் நடுவில் என் குரல்தானே வரும், அந்தக் கோழைத்தனமான பேச்சு? அதை நான் கேட்க விரும்பவில்லை. மறுநாள் ரிக்கார்டிங்குக்கு அம்மன் பாட்டு ஒத்திகை பார்க்க ஒரு கேசட் வேண்டியிருந்தது. பென்சிலைக் கேசட் ஓட்டைக்குள் விட்டு, ஆரம்பத்து வெற்று நாடா தாண்டட்டும் என்று கோபத்தில் கடகடவென்று சுற்றி, ஒரு வரிகூடக் கேட்காமல் மேலேயே பாடிப் பதிந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நீ செத்துப்போனாய்.

தலை வலிக்கிறது என்று காயில் மேஜையிலேயே தலையை வைத்தாயாம். டீ கொண்டுவந்தவர்கள் தூங்குகிறாய் என்று நினைத்தார்களாம். நான் வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கட்டைவிரலில் காயில் கம்பி கீறிய காயம்கூட இன்னும் ஆறவில்லை. மாமா என் பக்கத்தில் வந்து நின்று மெல்லக் கேட்டார்.

"கேசட் குடுத்தனுப்பினாளே, வந்துச்சாம்மா?"

"வந்துச்சு மாமா."

"என்ன சொல்லியிருந்தா?"

உன் தலைமாட்டில் நின்றுகொண்டு பொய் சொன்னேன் அக்கா. "கோவமில்லன்னு சொன்னா மாமா." அவர் என்னையே பார்த்தார். "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அதன் பிறகு நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல? ஸ்டுடியோவில் ஹெட்போனைக் காதில் வைத்தால், என் வரி முடிகிற இடத்தில் டக் டக் என்று மேஜையைத் தட்டுகிற சத்தம். திரும்பிப் பார்ப்பேன், யாரும் இருக்கமாட்டார்கள். தையல் மிஷினில் காலை வைத்தால் நாலு தையலுக்கு ஒருமுறை கால் தானாக நிற்கும். குழாயில் தண்ணீர் நாலு சொட்டு விழுந்தால் அப்படியே நின்றுவிடுவேன், நீ அடுத்து ஆரம்பிப்பாய் என்று. என் வீட்டுக்காரர் டாக்டரிடம் போகலாம் என்றார். என்னத்தைச் சொல்வது டாக்டரிடம்? இரண்டு கேசட்டோடு பாடுவதை விட்டேன். குரல் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். குரல் எங்கேயும் போகவில்லை. நான் வாயைத் திறந்தால் உன் குரலும் கூடவே வந்தது, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ அதில் என்ன சொல்லியிருந்தாய்? திட்டியிருந்தாயா? அழுதாயா? போய்வா என்றாயா? எது சொல்லியிருந்தாலும் நான் அதன் மேல் அம்மன் பாட்டுப் பாடி அழித்துவிட்டேன்.

இப்போது பிரியா வந்து உன் குரலைக் கேட்கிறாள். அவளிடம் இன்னொரு பொய்யா? அவள் எதிர்வீட்டு மாமிக்குப் பத்திரிகை கொடுக்கப் போன நேரம் பார்த்து மாமாவிடம் சொல்லிவிட்டேன். "மாமா, அந்தக் கேசட்டை நான் கேக்கவே இல்ல. மேலே பாடி அழிச்சுட்டேன். அன்னிக்கு உங்ககிட்ட சொன்னது பொய்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியும்மா."

அவரே மேலே சொன்னார்.

"அவ ரிக்கார்ட் பண்ணும்போது நான் வீட்லதான் இருந்தேன். நாலு எண்ணினா. அவ்ளோதான். அப்புறம் பாடவும் இல்ல, பேசவும் இல்ல. மேஜையைத் தட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, டேப்பு பாட்டுக்கு ஓடுது. 'ஏன் சும்மா ஓட விடறே'ன்னு கேட்டேன். 'சும்மா இல்ல, அவளுக்கு எடம் விடறேன்'னா. அதனால நீ கோவமில்லன்னு சொன்னான்னு சொன்னதுமே தெரிஞ்சுபோச்சு, நீ கேக்கலன்னு."

"அப்பவே ஏன் மாமா சொல்லல?"

"நீ அழுதுக்கிட்டிருந்தே. நீ சொன்னது பொய்யும் இல்லையே."

அவர்கள் போன பிறகு நான் காபி டம்ளர்களைக் கழுவி வைத்தேன். உன் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். என் மனசு ஆறட்டும் என்று இதையும் சொல்லக்கூடியவர்தான். அந்தச் சந்தேகம் என்னை விடவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் லீவு போட்டேன். இப்போது யார் வீட்டிலும் டேப்ரிக்கார்டர் இல்லை அக்கா, எல்லாம் போனில் வந்துவிட்டது. எட்டாவது கிராஸில் பிளவுஸ் தைக்கிற சாரதா கடையில் ஒன்று இருந்தது, கெஞ்சி வாங்கிவந்தேன். கதவைச் சாத்தினேன். புடவைக்கு அடியிலிருந்து கேசட்டை எடுத்தேன். மல்லிகை வாசனை வந்தது என்று சொன்னால் நம்புவாயா? ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் எப்படி வரும், என் பிரமைதான். முழுக்கப் பின்னால் சுற்றி, பட்டனை அமுக்கினேன்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் நீ.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

கடக் என்று ஒரு சத்தம். உடனே என் குரல், அம்மன் பாட்டு. அன்றைக்குக் கோபத்தில் பென்சிலை அதிகமாகச் சுற்றிவிட்டிருக்கிறேன் அக்கா. நீ எண்ணியது தப்பித்துவிட்டது. அதன் காலடியிலேயே என் பாட்டு ஆரம்பிக்கிறது. எட்டு வருஷம் நீ திட்டித் திட்டிச் சொல்லியும் எனக்கு வராதது, அன்றைக்கு ஒரு நூல்கூடப் பிசகாமல் வந்திருக்கிறது.

பத்து நிமிஷம் பாடியிருக்கிறேன். பாட்டு நின்றது. மறுபடியும் கடக். இனிமேல்தான் என் பழைய பேச்சு வரவேண்டும், "அக்கா, அவங்களுக்கு ஒரு குரல் போதுமாம்". காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன். வரவில்லை. உன் வீடு வந்தது. உன் வீட்டுக் குக்கர் விசில். பிரியா எங்கேயோ உள்ளே வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள். தெருவில் ஆட்டோ போகிறது. அதற்கெல்லாம் நடுவில், மேஜையில் உன் விரல் முட்டி. டக், டக், டக், டக். நான் பேசியதை எல்லாம் அந்தத் தாளத்தால் நீயே அழித்துவிட்டிருந்தாய். டேப் தீர்கிறவரை தட்டிக்கொண்டே இருந்தாய். ஒருமுறை மூச்சு இழுத்தாய், பாட ஆரம்பிக்கிறவள் மாதிரி. நான் டேப்ரிக்கார்டரோடு முகத்தை வைத்துக் கேட்டேன். நீ பாடவில்லை, திரும்பத் தட்ட ஆரம்பித்தாய். பக்கம் முடிந்து பட்டன் தானாக மேலே வந்துவிட்டது. எனக்கு அழுகை அடக்க முடியவில்லை. தெருவில் போன சாரதா ஜன்னல் வழியாக, "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். அந்த முதல் பத்து நிமிஷத்தில், என் பாட்டுக்கு அடியில், மாமா அடுப்படிக்குப் போன நேரத்தில், நீ ஏதாவது சொன்னாயா? ஒரே ஒரு வார்த்தை? அது எனக்குத் தெரியப்போவதில்லை. எந்த வேலையில் இருந்தாலும் என் காது அங்கேதான் போய் நிற்கிறது.

மெஜஸ்டிக் உனக்கு அடையாளம் தெரியாது இப்போது. ஊரெங்கும் மெட்ரோவுக்குத் தூண் எழுப்புகிறார்கள், பஸ் எங்கே நிற்கும் என்பது பஸ்ஸுக்கே தெரியவில்லை. ஜயம்மா மட்டும் அங்கேதான் இருக்கிறாள், பார்வை மங்கிவிட்டது. நேற்று போய்க் கல்யாணத்துக்கு மல்லிகை சொல்லிவைத்தேன். குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்து, "அக்கா பர்த்தாரா?" என்றாள், அக்கா வருவாளா என்று. நீ இல்லை என்று அவளுக்கு எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. நேற்று எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வருவாள் என்றுவிட்டேன்.

பிரியாவிடம் கேசட்டைக் கொடுத்துவிட்டேன். நாலே நாலு வார்த்தைதான் இருக்கிறது என்று சொன்னேன். சாரதாவின் டேப்ரிக்கார்டரில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். "அம்மாவுக்கு மூணு சொல்லும்போது குரல் கொஞ்சம் ஏறுது சித்தி" என்றாள். ஆமாம், ஏறும். எனக்கே அது மறந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரிசப்ஷனில் பெரிய ஸ்பீக்கரில் உன் குரல் வரும். நீ எண்ணு. நாலு முடிந்ததும் நான் வந்துவிடுவேன், அந்தத் தாலாட்டு மெட்டோடு, ஒரு வார்த்தையும் இல்லாமல். உன் வரிகள் வருகிற இடத்தில் நான் பாடமாட்டேன், வேறு யாரையும் பாட விடவும் மாட்டேன். மைக் ஸ்டாண்டில் விரல் முட்டியால் தட்டிக்கொண்டு நிற்பேன், நீ வருகிறவரைக்கும். யாராவது வந்து இது சைடுல பண்றதா என்று கேட்டால், இல்லை, நானும் எங்கக்காவும் செய்த ஒரே வேலை இதுதான் என்று சொல்லுவேன். இது உன் மேல் சத்தியம்.

உன்னோடு கூடப் பிறக்காமல், உன் எண்ணிக்கைக்குள் பிறந்த தங்கச்சி,
கிரிஜா